வீட்டில் பன்றிக்கறிக்குப் புகை: எதில் ஊற வைப்பது, எதில் புகைய விடுவது?

பன்றிக்கறியை வீட்டிலேயே ஊற வைத்துப் புகை போடலாம் என்று கிளம்புகிறவர் முதலில் மாட்டிக்கொள்வது ஆலோசனைகளில்தான். ஒருவர் உப்புத் தண்ணீரில் முக்கச் சொல்கிறார். இன்னொருவர் மசாலாப் பொடியைத் தடவினால் போதும் என்கிறார். வினிகரும் இஞ்சி பூண்டும் இல்லாமல் பன்றியைத் தொடவே கூடாது என்கிறார் மூன்றாமவர். புகைக்கும் இதே கதைதான்: மூடி போட்ட கரி அடுப்பு, டிரம், மின்சார ஸ்மோக்கர், கடாயில் தேயிலைப் புகை என்று ஆளுக்கொரு வழி. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் இதற்கு முடிவே வராது. எந்தத் துண்டு, கையில் எத்தனை மணி நேரம், எந்த ஊர் வெயில், இன்றைக்கே சாப்பிடவா வைத்துச் சாப்பிடவா என்று கேட்டால் விடை தானாக வந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில், மொட்டை மாடியோ கொல்லையோ இருக்கிற வீட்டுக்கு, முன்னங்கால் சப்பையை எடை பார்த்துப் போட்ட உப்பில் ஓர் இரவு வைத்து, மூடியுள்ள கரி அடுப்பில் சூட்டோடு புகை போடுவதுதான் நல்ல வழி. மசாலாவுக்கும் மரக்கட்டைக்கும் காட்டுகிற அக்கறையில் பாதியை உப்பின் எடைக்கும் ஒரு நல்ல தெர்மாமீட்டருக்கும் கொடுத்தால் கறி தேறிவிடும். ஆனால் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. அடுக்குமாடியில் இருப்பவருக்கு வேறு வழி, பேக்கன் (உப்பில் பதப்படுத்திப் புகை போட்ட வயிற்றுக் கறி) மாதிரி வைத்துச் சாப்பிட விரும்புகிறவருக்கு வேறு வழி.

துண்டைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்

நம்மூர்க் கடையில் ஒன்றும் சொல்லாமல் வாங்கினால் பன்றிக்கறி தோலும் கொழுப்பும் எலும்புமாகச் சிறு துண்டுகளாகத்தான் கைக்கு வரும். குழம்புக்கும் வறுவலுக்கும் அது சரி. மணிக்கணக்கில் புகை போட அது உதவாது. சிறு துண்டு சீக்கிரமே வறண்டு போகும். முதல் நாளே கடைக்காரரிடம், “அண்ணே, முன்னங்கால் சப்பை வெட்டாம முழுசா வேணும், தோலை மட்டும் எடுத்துடுங்க” என்று சொல்லி வைக்க வேண்டும். 2 முதல் 3 கிலோ வரை ஒரே துண்டாக இருந்தால் நல்லது.

சப்பை என்பது நடந்து உழைத்த தசை. அதில் கொழுப்பும் சவ்வும் ஊடும் பாவுமாக ஓடும். அந்தச் சவ்வில் உள்ள கொலாஜன் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு மெல்ல மெல்ல ஜெலட்டினாகக் கரையத் தொடங்குகிறது. துண்டின் நடுப்பகுதி 93, 95 டிகிரிக்குப் போய்ச் சேரும்போது கறி நார் நாராகப் பிரிந்து வரும். அமெரிக்காவில் புல்ட் போர்க் என்று பிய்த்துப் போட்டுப் பரிமாறுவது இந்தத் தோள் கறியைத்தான். புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சப்பையைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அது பிழை பொறுக்கும். நெருப்பு ஒரு அரை மணி நேரம் எகிறினாலும், இறக்கும்போது நான்கைந்து டிகிரி கூடிப் போனாலும் கறி கெடாது. உள்ளே இருக்கிற கொழுப்பே காப்பாற்றிவிடும்.

முதுகுக் கறி நேர் எதிர். கொழுப்பு குறைவு, சவ்வும் இல்லை. 63 டிகிரி வந்ததும் இறக்கி மூன்று நிமிடம் ஆற விட்டு அறுக்க வேண்டும். 70 தாண்டினால் வறட்டென்று ஆகிவிடும். வயிற்றுப் பகுதி இரண்டுக்கும் நடுவில். அடுக்கடுக்காகக் கொழுப்பு இருப்பதால் வறளாது, ஆனால் கொழுப்பு உருகி அடங்க நேரம் கொடுக்க வேண்டும். பேக்கன் செய்வதும் இதில்தான்.

தோலை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 110, 120 டிகிரி இளஞ்சூட்டில் தோல் மொறுமொறுப்பாகாது, செருப்புத் தோல் மாதிரி இழுக்கும். உப்பும் புகையும் கறிக்குள் போவதையும் அது தடுக்கும். அடியில் அரை சென்டிமீட்டர் கொழுப்பை விட்டுவிட்டுத் தோலை உரித்து வாங்கி, தனியாக வேக வைத்து வறுத்துக்கொள்ளலாம்.

காலையில் அறுத்த கறியை மத்தியானமே அடுப்பில் ஏற்றவும் வேண்டாம். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். ஒரு நாள் ஃபிரிட்ஜில் கிடந்தால் தளரும். அந்த ஒரு நாளை உப்புக்குக் கொடுத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

ஊற வைப்பதில் நான்கு வழி

முதல் வழி நமக்குப் பழக்கமான ஈர மசாலா: இஞ்சி பூண்டு விழுது, மிளகாய், வினிகர் அல்லது எலுமிச்சை அல்லது தயிர். பன்றிக்கும் புளிப்புக்கும் பொருத்தம் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. கோவாவில் வினிகர், குடகில் கச்சம்புளி, அமெரிக்காவின் கிழக்கு வடகரோலினாவில் வினிகரும் மிளகாயும் கலந்த சாறு என்று எங்கெங்கோ உள்ளவர்கள் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் நீண்ட நேரப் புகைக்கு முன்னால் இதைப் பூசுவது நல்லதல்ல. புளிப்பும் மசாலாவும் ஓர் இரவு முழுக்க ஊறினாலும் மேல்பரப்பில் சில மில்லிமீட்டருக்குள்தான் நிற்கும். அதற்கு மேல் விட்டால் அந்த மேல்பரப்பு கொழகொழப்பாகும். பப்பாளிக்காய் சேர்த்தால் இன்னும் வேகமாக. ஈர விழுது மேலே அப்பியிருந்தால் கறியின் மேல் கருமையான மொறுமொறு ஓடு கட்டாது, பூண்டு கருகிக் கசக்கும். அதே ஈர மசாலா, இரண்டு விரல் தடிமனில் அறுத்த வயிற்றுக் கறிக்கு அருமையாகப் பிடிக்கும். ஒரு மணி நேரப் புகை, கொஞ்சம் நேரடி நெருப்பு என்று முடிக்கிற துண்டுகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சப்பைக்குப் புளிப்பைக் கடைசியில், பிய்த்த பிறகு சேர்ப்பதுதான் சுவை. கரோலினாக்காரர்கள் செய்வதும் அதுதான்.

இரண்டாவது, உப்புத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கொஞ்சம் வெல்லம், மிளகு, பிரிஞ்சி இலை போட்டுக் காய்ச்சி, நன்றாக ஆற வைத்து, கறி முழுவதும் முங்குமாறு ஃபிரிட்ஜில் வைப்பது. முதுகுக் கறிக்கு இது உண்மையாகவே உதவுகிறது. உப்பு தசைப் புரதத்தைத் தளர்த்துவதால், வேகும்போது வெளியேறும் தண்ணீர் குறைகிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். சப்பைக்கு இந்தத் தொல்லை தேவையில்லை. அதில் ஈரத்துக்குக் குறைவே கிடையாது. போதாததற்கு மூன்று கிலோ கறியும் நான்கு லிட்டர் தண்ணீருமாக ஒரு பாத்திரத்தை நம் வீட்டு ஃபிரிட்ஜில் எங்கே வைப்பது? இட்லி மாவும் பாலும் வெளியே வந்தால்தான் இடம் கிடைக்கும்.

மூன்றாவது, நான் பரிந்துரைக்கிற வழி: உலர் உப்பு. கறியின் எடையில் 1.5 சதவீதம். 2 கிலோவுக்கு 30 கிராம். சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டிக்கு வேறு வேறு எடை நிற்கும் என்பதால் கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது. எல்லாப் பக்கமும் தேய்த்து, ஒரு கம்பித் தட்டின் மேல் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் ஓர் இரவு விடுங்கள். பெரிய துண்டு என்றால் இரண்டு இரவு. முதலில் தண்ணீர் கசியும், அந்தத் தண்ணீரில் உப்பு கரையும், பிறகு அதே உப்பு நீரைக் கறி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊற வைக்கும் பொருள்களில் கறியின் நடுப்பகுதி வரை போகக்கூடியது உப்பு ஒன்றுதான். மிளகோ மல்லியோ எத்தனை நாள் வைத்தாலும் மேலேதான் நிற்கும். அதனால் மசாலாவை முதல் நாளே போட வேண்டிய கட்டாயம் இல்லை. அடுப்பில் ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால் தூவினால் போதும்.

அந்தத் தூளுக்கு ஒரு யோசனை: கொரகொரப்பாக உடைத்த மிளகு, வறுக்காத மல்லி, வரமிளகாய், கொஞ்சம் சீரகம், நாட்டுச் சர்க்கரை. அமெரிக்கத் தூள்களில் பழுப்புச் சர்க்கரை செய்கிற வேலையை இங்கே நாட்டுச் சர்க்கரை அதைவிட நன்றாகவே செய்கிறது. 120 டிகிரிச் சூட்டில் அது கருகாது, நிறம் ஏறும். மிளகும் மல்லியும் மாவாக இருந்தால் மேலே சேறு மாதிரி படியும். உடைத்ததாக இருந்தால்தான் ஓடு கட்டும். கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை எதையும் இதில் சேர்க்காதீர்கள். இலை கருகிய வாசம்தான் கடைசியில் மேலோங்கி நிற்கும்.

நான்காவது வழி, நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பு. பேக்கனுக்கும், பதப்படுத்திய பன்றித் தொடையான ஹாமுக்கும் அந்த இளஞ்சிவப்பு நிறமும் தனிச்சுவையும் இதனால்தான் வருகின்றன. முக்கியமாக, காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரை இது தடுக்கிறது. வெளிநாட்டுக் கடைகளில் பிராக் பவுடர் 1 என்ற பெயரில் கிடைக்கிறது: 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட், மீதி சாதாரண உப்பு. ஒரு கிலோ கறிக்கு 2.5 கிராம் மட்டும். அளவு மீறினால் அதுவே நஞ்சு. இதை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும்: சாதாரண உப்போடு குழம்பக் கூடாது என்பதற்காகவே இந்தப் பொடிக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். ஆங்கிலச் செய்முறைகளில் இதை வெறுமனே பிங்க் சால்ட் என்று எழுதிவிடுவார்கள். நம் கடைகளில் பிங்க் சால்ட் என்று கேட்டால் தருவது இமயமலை இந்துப்பு. நிறம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. இந்துப்பில் நைட்ரைட் கிடையாது, அதை நம்பிக் கறியைப் பதப்படுத்த முடியாது. வெடியுப்பையும் இதற்கு மாற்றாகப் போடாதீர்கள். அது பொட்டாசியம் நைட்ரேட், கணக்கே வேறு. சரியான பொடி கிடைக்கவில்லை என்றால், அல்லது ஒரு கிராமுக்கும் கீழே காட்டுகிற தராசு இல்லை என்றால், இந்த வழியை விட்டுவிடுவதுதான் சரி.

புகை போடுவதில் முதல் பிரிவு: சூடா, குளிரா

புகை போடுவது இரண்டு வகை. சூட்டுப்புகையில் கறி வேகவும் செய்கிறது. குளிர்ப்புகையில் 30 டிகிரிக்குக் கீழே, வேகாமல், மணிக்கணக்காக, சில சமயம் வாரக்கணக்காகப் புகை மட்டும் பிடிக்கிறது. ஜெர்மனியின் கறுப்புக் காட்டுப் பகுதி ஹாம் இப்படிப் புகையில் வாரக்கணக்கில் தொங்குவது. அழகான உணவு. அதைச் சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ முயலக் கூடாது என்பது என் திடமான கருத்து. நிழலிலேயே 30 டிகிரிக்கு மேல் இருக்கிற ஊரில் குளிர்ப்புகைக் கூண்டு என்பது நுண்ணுயிர் வளர்ப்புக் கூண்டுதான். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கறி நீண்ட நேரம் கிடக்கக் கூடாது என்பது சமையல் பாதுகாப்பின் அரிச்சுவடி. நைட்ரைட் இல்லாத குளிர்ப்புகை அதை மணிக்கணக்கில் மீறுகிறது. ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக் குளிரிலோ, கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்கள், முறையாகப் பதப்படுத்திய கறியோடு யோசிக்கலாம்.

பன்றிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள் உள்ள கறியைச் சரியாக வேகாமல் தின்றால் குடலில் புழு வளரும். அப்படிப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் உடம்புக்குள் போனால் மூளையில் கட்டிகளாகத் தங்கி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். இந்தியாவில் இது இன்னமும் இருக்கிற நோய். நம்பிக்கையான பண்ணைக் கறியாகப் பார்த்து வாங்குவது ஒரு காவல். நன்றாக வேக வைப்பது அதைவிடப் பெரிய காவல். சப்பையை 93 டிகிரிக்குக் கொண்டுபோகிறவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

“நாகாலாந்தில் அடுப்புக்கு மேலே நாள் கணக்கில் தொங்க விடுகிறார்களே” என்று கேட்கலாம். உண்மைதான், அந்தக் கறியின் வாசத்துக்கு ஈடில்லை. ஆனால் அங்கே அது அப்படியே சாப்பிடுகிற பண்டம் அல்ல. தினமும் எரிகிற அடுப்பின் சூட்டிலும் புகையிலும் நாள்பட உலர்ந்து இறுகிய கறியை, அக்குனி என்கிற புளித்த சோயாவோடோ மூங்கில் குருத்தோடோ நெடுநேரம் கொதிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். மாடியில் ஒரு நாள் புகை காட்டிவிட்டு அதே பண்டம் கிடைத்துவிட்டதாக நினைக்க முடியாது.

எந்த அடுப்பு?

சூட்டுப்புகை என்று முடிவானால், கெட்டில் கிரில் எனப்படுகிற உருண்டை மூடி போட்ட கரி அடுப்பைத்தான் முதலில் சொல்வேன். 1952-இல் சிகாகோ பக்கம் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்க விடும் மிதவைகளுக்கான உலோக அரைக்கோளங்களைக் கொண்டு செய்த வடிவம் அது. மூடியிலும் அடியிலும் காற்றுத் துளைகள் இருப்பதுதான் அதன் முழு ரகசியம். காற்றைக் குறைத்தால் கரி மெதுவாக எரியும், கூட்டினால் எகிறும். அதே அடுப்பில் நாளைக்கு மீன் வாட்டலாம், கோழி சுடலாம். புகைக்கு மட்டுமே பயன்படுகிற ஒரு பெட்டியை வாங்கி மூலையில் வைப்பதை விட இது மேல்.

அதில் கரியை ஒரு பக்கம் மட்டும் குவிக்க வேண்டும். கறி மறுபக்கம், அதன் அடியில் தண்ணீர் ஊற்றிய தட்டு. மூடியின் துளை கறிக்கு நேர் மேலே இருந்தால் புகை கறியைக் கடந்துதான் வெளியே போகும். உள்ளே 110 முதல் 130 டிகிரிக்குள் வைத்திருப்பதுதான் நாள் முழுக்க இருக்கிற ஒரே வேலை. மணிக்கு ஒரு தடவை, தனியாகப் பற்ற வைத்துக் கனிந்த கரியைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும். மூடியில் பதித்திருக்கிற வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள். கறிக்குள் குத்துகிற தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்துங்கள்.

ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் இதைச் செய்வது பெரும்பாடு. துளைகளை எவ்வளவு சாத்தினாலும் காற்று கரியை ஊதிவிடும். கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்து ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தலாம், இல்லையென்றால் கார்த்திகை, மார்கழி வரை பொறுக்கலாம்.

2 கிலோ சப்பைக்கு ஏழு மணி நேரத்திலிருந்து ஒன்பது மணி நேரம் வரை பிடிக்கும். நடுவில் ஒரு கட்டத்தில், கறியின் உள் வெப்பம் 65-லிருந்து 75-க்குள் எங்கோ நின்றுபோய் ஒரு மணி, இரண்டு மணி நேரம் அசையாது. புதிதாகச் செய்கிறவர்கள் பயந்துபோய்க் கரியைக் கொட்டுவது இங்கேதான். வியர்வை நம் உடம்பைக் குளிர்விக்கிற மாதிரி, கறியின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகிச் சூட்டைத் தின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பொறுமை இருந்தால் காத்திருக்கலாம். இல்லாவிட்டால் மேல் ஓடு நல்ல கருஞ்சிவப்பானதும் அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி மறுபடி வைத்தால் ஏறிவிடும். ஓடு கொஞ்சம் இளகும், ஆனால் இரவுச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும். 93 தாண்டி, தெர்மாமீட்டர் முனை வெண்ணெயில் இறங்குவதாக இறங்கினால் எடுத்து, தாளோடு துண்டில் சுற்றி ஹாட்பாக்ஸிலோ ஐஸ் பெட்டியிலோ ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு பிய்க்கலாம்.

அறுத்துப் பார்க்கும்போது ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தமில்லை. புகையில் உள்ள வாயுக்கள் தசையின் நிறமியோடு சேர்ந்து உண்டாக்குவது அது. வெந்ததா இல்லையா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, வெப்பத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அத்தனை நேரம் இல்லாதவருக்கு ஒரு நல்ல நடுவழி உண்டு, அதைத் தாழ்வாக நினைக்கவே வேண்டாம். குளிர்ந்து ஈரமாக இருக்கும் மேல்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும். உலர்ந்து ஓடு கட்டிய பிறகு ஏறுவது குறைவு. அதனால் முதல் மூன்று மணி நேரம் கரி அடுப்பில் நல்ல புகை கொடுத்துவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி வீட்டு ஓவனில் 130 டிகிரியில் வைத்து முடித்தால், முழு நாள் செய்ததோடு ஒப்பிடக்கூடிய கறி கிடைக்கும். ஓவன் இல்லையென்றால் குக்கர். ஓடு போய்விடும், ஆனால் குழம்புக்கோ மிளகு வறுவலுக்கோ போகிற கறிக்கு ஓடு எதற்கு? ஒரே நிபந்தனை: அடுப்பிலிருந்து இறக்கியதும் நேராக அடுத்த சூட்டுக்குப் போக வேண்டும். அரைவேக்காடாக வெளியே வைத்துவிட்டுச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

டிரம் அடுப்பில் கறி நேராகக் கரிக்கு மேலே தொங்கும். உருகிய கொழுப்பு கனலில் சொட்டி எழுகிற வாசம் கெட்டிலில் வராது. ஒரே நேரத்தில் பத்து கிலோ போடலாம் என்பதால் பெரிய குடும்பங்களுக்கு நல்லது. ஆனால் டிரம் எதை வைத்திருந்தது என்று தெரிய வேண்டும். உணவு எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்து, உள்பூச்சு போகும்வரை வெறுமனே எரித்த பிறகே பயன்படுத்தலாம். ரசாயனம் வந்ததோ, துத்தநாகம் பூசியதோ வேண்டாம்.

மின்சார ஸ்மோக்கரும், பெல்லெட் எனப்படும் அழுத்திய மரத்தூள் குச்சிகளை எரிக்கிற பெல்லெட் ஸ்மோக்கரும் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். மின்சாரம் தடையில்லாமல் கிடைக்கிற, பெல்லெட் எளிதாக வாங்க முடிகிற ஊரில் அவை வசதிதான். புகை மென்மையாக இருக்கும்.

அடுக்குமாடிக்காரர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது: மூடிய பால்கனியிலோ சமையலறையிலோ கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. அவர்களுக்குப் பொருந்துவது கடாய். அலுமினியத் தாள் விரித்து அதில் தேயிலை, அரிசி, சர்க்கரை போட்டு, மேலே கம்பித் தட்டில் ஏற்கெனவே வேக வைத்த வயிற்றுக் கறியை அடுக்கி, இறுக்கமாக மூடி, ஜன்னலைத் திறந்து வைத்துப் பதினைந்து இருபது நிமிடம் புகைய விடுவது. சீனாவில் வாத்துக்குச் செய்வது இது. கனன்ற கரித்துண்டை நெய்யோடு சட்டிக்குள் வைத்து மூடும் துங்கார் முறையும் உண்டு. அது வாசனை காட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே கேட்டால் தேயிலைப் புகைதான் என் தேர்வு.

மரத்துக்கு அலைய வேண்டாம்

ஆப்பிள் மரம், ஹிக்கரி என்று வெளிநாட்டுச் செய்முறைகளில் படித்துவிட்டு அதை ஆன்லைனில் தேடுகிறார்கள். தேவையே இல்லை. தமிழ்நாட்டில் மூட்டையில் கிடைக்கிற அடுப்புக்கரியில் பெரும்பங்கு ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துச் சீமைக்கருவேலத்திலிருந்து சுட்டது. டெக்சாஸில் மெஸ்கீட் என்று கொண்டாடுகிற மரமும், ஹவாய்த் தீவில் குழி தோண்டிப் பன்றி சுடுகிற கியாவே மரமும் இதன் நெருங்கிய உறவுகள்தான், மூன்றும் ஒரே தாவரப் பேரினம். நீர்நிலைகளை நிரப்பிக்கொண்டு நிற்கிற அந்த மரத்தின் கரி, சூட்டுக்கு மிக நல்ல கரி. பச்சையாகவோ காய்ந்த விறகாகவோ போட்டால் மட்டும் புகை முரட்டுத்தனமாக இருக்கும். நீண்ட நேரச் சப்பைக்கு அது வேண்டாம், கரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசத்துக்குக் கொய்யாக் கட்டை முதல் இடம், அடுத்து மா. நன்றாகக் காய்ந்த, கைமுட்டி அளவுத் துண்டு மூன்று நான்கு போதும். தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். ஊறிய கட்டை முதலில் ஆவிதான் விடும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வருகிற புகை கசப்பைப் பூசும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக இழைகிற புகைதான் வேண்டும், அதற்குக் கட்டை கனன்று எரியக் காற்று போதிய அளவு இருக்க வேண்டும். கொட்டாங்குச்சி கரியானால் அருமை, பச்சையாகப் போட்டால் தார் வாசம் தூக்கும். தைல மரம், பிசின் உள்ள ஊசியிலை மரங்கள், பெயின்ட் அடித்த கட்டை, பிளைவுட், மருந்து ஏற்றிய ரப்பர் மரப்பலகை ஆகியவை கூடவே கூடாது. வேம்பையும் நான் போட மாட்டேன்.

பேக்கன் வேண்டுமென்றால்

வைத்துச் சாப்பிட ஆசைப்படுகிறவருக்குக் குளிர்ப்புகைக்குப் பதில் இன்னொரு வழி திறந்திருக்கிறது. வயிற்றுக் கறியின் எடையில் 2.25 சதவீதம் உப்பு, 1 சதவீதம் சர்க்கரை, 0.25 சதவீதம் அந்தப் பதப்படுத்தும் பொடி. மூன்றையும் தேய்த்து, காற்றுப் போகாத பையில் அடைத்து, ஃபிரிட்ஜில் ஒரு வாரம், தினம் ஒரு தடவை திருப்பிப் போட்டு. எடைக் கணக்கில் போடுவதால் ஓரிரு நாள் கூடினாலும் கரிக்காது. பிறகு கழுவித் துடைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் மூடாமல் உலர விட்டு, 90, 100 டிகிரி இளஞ்சூட்டில் உள்ளே 65 டிகிரி வரும்வரை புகை போட்டு இறக்க வேண்டும். குளிர்ந்த பின் அறுத்து, வறுத்துச் சாப்பிடுவது. ஒரு வாரம் ஃபிரிட்ஜில் இருக்கும், மீதியை ஃபிரீசரில் போடலாம். உழைப்பு குறைவு, காத்திருப்பு அதிகம். சரியான பொடி கைக்குக் கிடைக்கிறவருக்கு, சப்பைக்கு அடுத்தபடியாக நான் சொல்வது இதைத்தான்.

எந்த வழியில் போனாலும் பக்கத்து வீட்டாரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். ஏழெட்டு மணி நேரப் புகை அவர்கள் காயப்போட்ட துணியிலும் இறங்கும். பன்றி வாசம் பிடிக்காதவர்களும் இருப்பார்கள், அவர்கள் மனதையும் பார்க்க வேண்டும்.

பிய்த்த கறிக்கு அரை டம்ளர் வினிகர், ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரை, இடித்த வரமிளகாய், உப்பு, மிளகு கலந்து கொதிக்க விடாமல் சும்மா சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். தாளில் தேங்கிய சாற்றையும் அதிலேயே ஊற்றிவிடலாம். மீந்தது ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும், திரும்பச் சூடாக்கும்போது ஆவி பறக்க நன்றாகச் சுட வேண்டும். சப்பை எலும்பைத் தூக்கி எறியாதீர்கள். ஊற வைத்த மொச்சையோடு குக்கரில் போட்டு வேக வைத்தால் புகை வாசம் முழுக்கப் பருப்பில் இறங்கிவிடும். எலும்பிலேயே உப்பு இருப்பதால், குழம்புக்கு உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.